பகல் மாத்திரைகள்

ஜூலை 3, புதன்

இன்று அவர்கள் முதல்முறையாக வந்தார்கள். அருப்புக்கோட்டை சாலையில் இருக்கிற பராமரிப்பு இல்லத்து வேன். என் மனைவி கனிக்கு இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னபோது இந்த இல்லத்தின் போன் நம்பரைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். கர்ப்பப்பையில் ஆரம்பித்த புற்று முதுகெலும்புக்குப் போய்விட்டது. நாள் கணக்கா மாதக் கணக்கா என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

டாக்டர் வந்தார். ஸ்டெல்லா என்கிற நர்ஸ் வந்தார். மூன்றாவதாக ஒரு பெண் இறங்கினாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் இல்லை, கையில் மருந்துப் பை இல்லை. ஒரு நோட்டு மட்டும். பெயர் பூங்கோதை, சமூகப் பணியாளர் என்றாள். நோயாளிக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் துணையாக இருப்பது வேலையாம். அப்படி ஒரு வேலை இருப்பதை அறுபத்தாறு வயதில் இன்றுதான் கேள்விப்படுகிறேன்.

டாக்டர் பரிசோதித்துக்கொண்டிருக்கும்போது அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சமையல் யார், குளிப்பாட்டுவது யார், மகள் எங்கே இருக்கிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கனி எல்லாவற்றையும் சொன்னாள். தான் சத்துணவு அமைப்பாளராக இருபத்தாறு வருஷம் இருந்தது, மகள் கலா ஓசூரில் வேலை பார்ப்பது, நான் வைக்கும் ரசத்தில் புளி தூக்கலாக இருப்பது வரைக்கும். பிறகு அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாள். எனக்கென்ன, நான் நோயாளியா? நன்றாக இருக்கிறேன் என்றேன். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மின்வாரியத்தில் மீட்டர் சோதனைப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன் நான். ஒரு வீட்டுக்குள் நுழைகிறவர் எதைத் தேடுகிறார் என்பது கண் போகிற போக்கிலேயே எனக்குத் தெரிந்துவிடும். இவள் கண் மருந்து மேல் போகவில்லை. எங்கள் இருவர் மேலும் மாறி மாறிப் போனது.

வலிக்கு மார்பின் மாத்திரை. காலை ஆறு, பத்து, பகல் இரண்டு, மாலை ஆறு என்று ஒவ்வொன்று. படுக்கப் போகும்போது இரண்டு. காலி அட்டைகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஸ்டெல்லா சிஸ்டர் வேறு என்னவெல்லாமோ சொன்னார். நேரத்தை மட்டும் காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்தேன்.

ஜூலை 4, வியாழன்

மாவு அரைத்தேன். தண்ணீர் வந்தது, பிடித்து வைத்தேன். மாத்திரை நேரப்படி. கனி தூங்குகிறாள்.

ஜூலை 6, சனி

மூன்று நாளாகத் தூக்கம். கஞ்சி கொடுக்க எழுப்பினால் கண்ணைத் திறந்து இரண்டு வாய் வாங்கிவிட்டு மறுபடி தூங்கிவிடுகிறாள். முனகல் இல்லை, உண்மைதான். ஆனால் பேச்சும் இல்லை. முப்பத்தொன்பது வருஷத்தில் இந்த வீட்டில் அவள் குரல் கேட்காத பகல் என்று ஒன்று இருந்ததில்லை. ஊருக்குப் போனால்கூட மத்தியானம் போன் பண்ணி, அடுப்பை அணைத்தீர்களா என்று கேட்பாள். இன்று மத்தியானம் சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தம் கூடத்தில் இருந்து கேட்டது.

மருந்துக்கடை வைத்திருந்த சுந்தரபாண்டியனிடம் விசாரித்தேன். அது அபினிலிருந்து எடுப்பது, பழகிவிட்டால் விடாது, கொடுக்கக் கொடுக்க ஆள் அப்படியே அமுங்கிப் போவார் என்றார். காசு வாங்காமல் வேன் வைத்து வந்து இப்படி ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்றால் யோசிக்க வேண்டியதுதான்.

ஜூலை 7, ஞாயிறு

கனி இன்று நன்றாகப் பேசினாள். பதினோரு மணிக்கு ஆரம்பித்து மாலை வரைக்கும். நான் பெண் பார்க்க வந்த அன்று அவள் முகத்தைப் பார்க்காமல் அவர்கள் வீட்டு மீட்டர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேனாம். மாப்பிள்ளைக்குக் கண் சரியில்லையோ என்று அவள் சித்தி பயந்துவிட்டாளாம். இதை நூறு தடவை சொல்லியிருக்கிறாள். இன்று புதிதாகக் கேட்பதுபோல இருந்தது.

இரவு மாத்திரை இரண்டையும் கொடுத்தேன். தூங்கினாள்.

ஜூலை 10, புதன்

மூவரும் வந்தார்கள். வலி எப்படி என்று டாக்டர் கேட்டதற்கு, பரவாயில்லை என்று கனியே சொல்லிவிட்டாள். ஸ்டெல்லா சிஸ்டர் என்னிடம், மலச்சிக்கல் அதிகமாக இருக்கிறதா, பேதி மருந்து போதுமா என்று கேட்டார். அப்படி ஒன்றும் இல்லை, முந்தி மாதிரிதான் இருக்கிறது என்றேன். சிஸ்டரும் பூங்கோதையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மலச்சிக்கல் இல்லையென்றால் சந்தோஷப்பட வேண்டாமா? இதில் பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது?

காலி அட்டைகளைக் கொடுத்தேன். ஒன்றுகூடக் குறையவில்லை. பூங்கோதை எண்ணியபிறகும் அட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பிறகு அம்மாவோடு கொஞ்சம் தனியாகப் பேசலாமா என்று கேட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். என் வீட்டில், என் மனைவியிடம், எனக்குத் தெரியாமல் பேச என்ன இருக்கிறது? துண்டு காயப்போடுகிற சாக்கில் ஜன்னல் பக்கமாகப் போனேன். கனி சிரித்தது கேட்டது. அப்புறம் வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் கனி ஏதோ மெதுவாகச் சொன்னாள், கேட்கவில்லை. இருபது நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது. அந்தப் பெண்ணின் கண் சிவந்திருந்தது.

என்ன பேசினீர்கள் என்று கனியிடம் கேட்டேன். பொம்பளைங்க விஷயம் என்றாள்.

ஜூலை 13, சனி

கலா போன் பண்ணினாள். அம்மாவை விசாரித்துவிட்டு, மாத்திரையெல்லாம் நேரத்துக்குக் கொடுக்கிறீர்களா அப்பா என்று கேட்டாள். ஏன் கேட்கிறாய் என்றேன். சும்மாதான் என்றாள். பேச்சுவாக்கில் பூங்கோதை அக்கா என்று ஒரு வார்த்தை வந்தது. கலாவின் நம்பர் அந்தப் பெண்ணுக்கு எப்படிக் கிடைத்தது? நான் கொடுக்கவில்லை.

என் வீட்டுக்குள் என்னைச் சுற்றி ஒரு வேலை நடக்கிறது. நேரத்துக்குத்தான் கொடுக்கிறேன் என்று கலாவிடம் சொன்னேன்.

ஜூலை 15, திங்கள்

படுக்கை விரிப்பு இரண்டு துவைத்தேன். முதுகுப் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டினேன்.

கனி இன்று சத்துணவுக் கூடத்துக் கதைகள் சொன்னாள். முட்டை போடுகிற நாளில் ஒரு பிள்ளை முட்டையைத் தின்னாமல் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்து நசுக்கிவிட்டு அழுத கதை. வீட்டில் தங்கச்சிக்காம். அதற்கப்புறம் அந்தப் பிள்ளைக்கு யாருக்கும் தெரியாமல் இரண்டு முட்டை கொடுத்தாளாம். இதை என்னிடம் இதுவரை சொன்னதே இல்லை. ஏன் சொல்லவில்லை என்றேன். நீங்க அதிகாரி, கணக்கு கேப்பீங்க என்றாள்.

பேசும்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். இடையிடையே பேச்சு நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்சநேரம் கண்ணை மூடியிருந்தாள். நெற்றியைத் துடைத்துவிட்டேன். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். படுத்துக்கொள், அப்புறம் பேசலாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

ஜூலை 17, புதன்

மாத்திரையின் அளவைக் கூட்டலாமா என்று டாக்டர் யோசிக்கிறார். இப்போது வேண்டாம், தாங்க முடிகிறது என்று கனி சொல்லிவிட்டாள். அவளே சொல்லும்போது நான் என்ன சொல்ல?

ஜூலை 19, வெள்ளி

பூங்கோதை இன்று தனியாக ஸ்கூட்டரில் வந்தாள். இன்று அவர்கள் வருகிற நாள் அல்ல. முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. மீட்டர் சோதனைக்கு நாங்களும் இப்படித்தான் போவோம்.

கனியைப் பார்க்கவில்லை. உங்களிடம்தான் பேச வந்தேன் என்றாள். மாத்திரை கொடுப்பதில் உங்களுக்கு ஏதாவது பயம் இருக்கிறதா சார், பல வீடுகளில் இருக்கும், தப்பில்லை என்றாள். அந்தத் தூக்கம் முதல் நாலைந்து நாளைக்குத்தான், உடம்பு பழகிவிட்டால் தெளிந்துவிடும், இதை முதல் நாளே சிஸ்டர் சொன்னார்கள், உங்களுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டாள். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வாயிலிருந்து பிடுங்கப் போகிறவர்கள் இப்படித்தான் மெதுவாகப் பேசுவார்கள். நானே பேசியிருக்கிறேன்.

என் மனைவிக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்றேன். வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து, அவங்களுக்கு ரொம்ப வலிக்குது சார் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மத்தியானம் இல்லத்துக்குப் போன் பண்ணி டாக்டரிடம் பேசினேன். அந்தப் பெண் வீட்டு விஷயங்களில் தலையிடுகிறாள், மகளைத் தூண்டிவிடுகிறாள், இனிமேல் அனுப்ப வேண்டாம் என்றேன். சரி என்றார்.

ஜூலை 24, புதன்

டாக்டரும் சிஸ்டரும் மட்டும் வந்தார்கள். பூங்கோதை எங்கே என்று கனி கேட்டாள். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். கனிக்குப் புரிந்துவிட்டது.

வேன் போனபிறகு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பேசவில்லை. தூங்கவும் இல்லை. கட்டில் கம்பியை விடவே இல்லை. நான் இரண்டு மணிக்கு அட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். போய்விட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 25, வியாழன்

காலையில் முகம் துடைத்துவிடும்போது கனி பேசினாள்.

“நான் அந்த இல்லத்துக்குப் போயிடறேங்க.”

இங்கே என்ன குறை என்று கேட்டேன்.

“உங்க மேல ஒரு குறையும் இல்ல. அங்க மாத்திரைய அவங்க குடுப்பாங்க. நீங்க சும்மா என் பக்கத்துல உக்காந்திருக்கலாம்.”

  பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். துணிகளை மடித்தேன். பத்து மணிக்கு இல்லத்துக்குப் போன் பண்ணினேன்.

ஜூலை 26, வெள்ளி

சேர்த்தாயிற்று. ஆறு கட்டில் உள்ள கூடம். கனியின் கட்டில் ஜன்னலை ஒட்டி. பூங்கோதைதான் வேனிலிருந்து இறக்கிக் கூட்டிப்போனாள். நான் புகார் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உங்களுக்கும் பக்கத்தில் ஒரு கட்டில் போடச் சொல்லியிருக்கிறேன் சார் என்றாள். இதற்குப் பின்னால் என்ன வைத்திருக்கிறாளோ.

பத்து மணி மாத்திரையைச் சிஸ்டர் என் கண் முன்னால் கொடுத்தார். அப்புறம் இரண்டு மணிக்கு. அப்புறம் ஆறு மணிக்கு.

ஜூலை 28, ஞாயிறு

தூங்குகிறாள். கலா வந்திருக்கிறாள். ஒரு மாதம் லீவாம்.

ஜூலை 30, செவ்வாய்

கனி காலை எட்டு மணிக்கு விழித்தாள். கண் தெளிவாக இருந்தது. காபி கேட்டாள். பக்கத்துக் கட்டில்காரம்மாவோடு ஊர், பேர் எல்லாம் விசாரித்துவிட்டாள். கலாவின் முடியைப் பின்னிவிட வேண்டுமென்று எழுந்து சாய்ந்து உட்கார்ந்தாள், பாதி பின்னினாள். மத்தியானம் முழுவதும் பேச்சு. கம்பியைப் பிடிக்கவில்லை. கை மடியில் சும்மா கிடந்தது.

மாத்திரை ஆறு மணிக்கு ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, இரண்டு மணிக்கு ஒன்று போயிருந்தது. போட்டுக்கொண்டுதான் பேசினாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு நான் வெளியே வந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாலைந்து நாளில் தெளிந்துவிடும் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். நான் மூன்றாம் நாளோடு பொறுமையை விட்டேன். ஏழாம் தேதியிலிருந்து இருபத்தைந்து வரை பத்தொன்பது நாள். அதை இங்கே எழுதி என்ன ஆகப்போகிறது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

காலை பதினொன்றே காலுக்குக் கனி போய்விட்டாள். வலி இல்லை. கலா ஒரு கையைப் பிடித்திருந்தாள், நான் ஒரு கையை.

ஆகஸ்ட் 19, திங்கள்

காரியங்கள் முடிந்தன. கலா ஓசூருக்குப் போய்விட்டாள். தன்னோடு வரச் சொன்னாள். மாட்டேன் என்றேன். கேஸ் சிலிண்டர் வந்தது.

ஆகஸ்ட் 21, புதன்

பதினோரு மணிக்கு ஸ்கூட்டர் சத்தம். பூங்கோதை. நான் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் திரை ஓரமாகப் பார்த்தேன். இரண்டு தடவை கூப்பிட்டாள். பத்து நிமிஷம் படியில் உட்கார்ந்திருந்தாள். எதிர் வீட்டு அம்மாவிடம், சார் சாப்பிடுகிறாரா, வெளியே வருகிறாரா என்று விசாரித்தாள்.

நோயாளி இறந்தபிறகு இவளுக்கு இங்கே என்ன வேலை? அவள் நோட்டில் எங்கள் வீட்டுக்கு என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் ஏதோ ஒரு கட்டம் நிரம்பாமல் இருக்கிறது. அதை நிரப்ப வருகிறாள்.

செப்டம்பர் 4, புதன்

மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை கதவிடுக்கில் ஒரு சீட்டைச் செருகிவிட்டுப் போயிருக்கிறாள். ‘பதினோரு மணிக்கு வந்தேன் சார். அடுத்த புதன்கிழமையும் வருகிறேன். பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை.’

கட்டாயம் இல்லையாம். திருடிய மின்சாரத்தை ஒப்புக்கொள்ளாதவன் வீட்டுக்கு நாங்கள் மூன்றாவது தடவை போகும்போது அவனே எல்லாவற்றையும் சொல்லிவிடுவான். அதைத்தான் எதிர்பார்க்கிறாள்.

பீரோவில் கனியின் சேலைகளுக்கு அடியில் இருக்கிற டப்பாவை இன்று எடுத்துப் பார்த்தேன். எழுபத்தாறு. மேஜை மேல் கொட்டி எண்ணிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்ப உள்ளே வைத்தேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

சமைக்கவில்லை. கலா போன் பண்ணினாள். சாப்பிட்டேன் என்றேன்.

செப்டம்பர் 11, புதன்

இன்று கதவைத் திறந்துவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. ஒன்பது மணிக்கே குளித்துச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தாள். நோட்டை வெளியே எடுக்கவில்லை. நான் டப்பாவைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன்.

“பகல் மாத்திரை எதையும் நான் அவளுக்குக் குடுக்கல. ராத்திரிக்கு மட்டும்தான் குடுத்தேன்.”

“தெரியும் சார்.”

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். இரண்டாவது வாரத்திலேயே சந்தேகம், இந்த மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் மலச்சிக்கல் வராமல் இருக்காது, அன்றைக்குக் கதவைச் சாத்தியதும் அம்மாவே சொல்லிவிட்டார்கள் என்றாள். கனிக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. நான் அட்டையிலிருந்து மாத்திரையைத் தள்ளுகிற சத்தம் கேட்கும், ஆனால் அது தன் வாய்க்கு வராது என்று சிரித்துக்கொண்டே சொன்னாளாம்.

“அப்புறம் ஏன் அவ எங்கிட்ட கேக்கல?”

“நான் பேசாம தூங்கிட்டே இருந்தா அவருக்குப் பயமாயிருக்கும்மா, தனியா இருந்து பழக்கமில்ல, கொஞ்ச நாள் போகட்டும்னாங்க. உங்ககிட்ட யாரும் கேக்கக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க.”

 அவள் மேலும் சொன்னாள். அந்தச் சத்தியத்தை அன்றைக்கே மீறி டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும், அம்மாவின் மனதை மாற்றிவிடலாம், உங்கள் மனதையும் மாற்றிவிடலாம் என்று நினைத்து ஒன்பது நாள் வீணாக்கினேன், வெள்ளிக்கிழமை இங்கே வந்துவிட்டுப் போய்த்தான் சொன்னேன், அடுத்த புதன்கிழமைதான் டாக்டர் அம்மாவை இல்லத்துக்கு வரச் சொல்ல முடிந்தது, அது என் தப்பு என்றாள். இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். இத்தனை நாள் அவள் முகத்தில் நான் தேடியது என்ன என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

அதற்காகத்தான் திரும்பத் திரும்ப வருகிறாயா என்று கேட்டேன். இல்லை சார், இறந்தவர்கள் வீட்டுக்குப் போவதும் எங்கள் வேலைதான், ஒரு வருஷம் வரைக்கும் போவோம், அதோடு அம்மாவும் கேட்டுக்கொண்டார்கள் என்றாள்.

கடைசியாக ஒன்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அவளுக்கு ரொம்ப வலிச்சுதாம்மா?”

“வலிச்சுது சார். வலிக்கலன்னு நான் சொன்னா நீங்க நம்பமாட்டீங்க. அதுக்கப்புறம் நான் சொல்ற எதையுமே நம்பமாட்டீங்க.”

நான் அழுதேன். அவள் எழுந்து வரவில்லை, ஆறுதல் சொல்லவில்லை, இருந்த இடத்திலேயே இருந்தாள். அது எவ்வளவு நேரம் என்று தெரியாது. எதிர் வீட்டில் குக்கர் விசில் கேட்டது.

இந்த மாத்திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறதா சார், எல்லாவற்றையும் ஒரேயடியாக விழுங்கிவிடலாம் என்று நினைத்தீர்களா என்று நேராகக் கேட்டாள். போன வாரம் ஒரு தடவை என்றேன். இப்போது? இப்போது இல்லை என்றேன். டப்பாவை எடுத்துக்கொண்டாள். எழுபத்தாறு என்று எழுதி அவளும் நானும் கையெழுத்துப் போட்டோம். வெள்ளிக்கிழமையும் வருகிறேன், நாளைக்கும் மறுநாளும் காலையில் போன் பண்ணுவேன், எடுக்க வேண்டும் என்றாள். போகும்போது, கலாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், நான் சொல்ல மாட்டேன் என்றாள்.

செப்டம்பர் 14, சனி

கலாவிடம் போனில் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 16, திங்கள்

கலாவிடமிருந்து போன் வரவில்லை. நான் பண்ணியும் எடுக்கவில்லை. பூங்கோதை பண்ணினாள். அவளுக்கு நேரம் கொடுங்கள் சார் என்றாள். கொடுக்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 18, புதன்

இல்லத்தில் மாதம் ஒருதடவை துணையை இழந்தவர்கள் கூடி உட்காருகிறார்களாம். பூங்கோதை கூட்டிப்போனாள். ஒன்பது பேர். என் முறை வந்தபோது பேரை மட்டும் சொன்னேன், தனபாலன் என்று. போதும் என்றார்கள்.

செப்டம்பர் 21, சனி

காலை பஸ்ஸில் கலா வந்து இறங்கினாள். வா என்றேன். உள்ளே வந்தாள். பையைக் கூட வைக்காமல் நேராக பீரோவைத் திறந்து அவள் அம்மாவின் சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி மடித்தாள். நான் சோறு வைத்தேன், ரசம் வைத்தேன். சாப்பிட உட்கார்ந்தாள். பாதிச் சோற்றில் கை நின்றது.

“எனக்கு உங்க மேல கோவம் போகல. போகுமான்னும் தெரியல.”

சரிம்மா என்றேன்.

“அந்தப் பத்தொன்பது நாளும் அம்மா பேசினாங்கன்னு சொன்னீங்கல்ல. நான் இங்க இல்ல. என்ன பேசினாங்க? எல்லாத்தையும் சொல்லுங்க. ஒண்ணும் விடக்கூடாது.”

கையைக் கழுவிவிட்டு வந்தேன். எதிரில் உட்கார்ந்தாள். ஏழாம் தேதி காலை பதினோரு மணியிலிருந்து ஆரம்பித்தேன். கனி சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லப் பார்த்தேன். எங்கே நிறுத்தினாள், எங்கே பல்லைக் கடித்தாள் என்பதையும் விடவில்லை. ஒரு இடத்தில் கலா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்து, ம், அப்புறம் என்றாள்.

முதல் நாள் பேச்சைச் சொல்லி முடிக்கவே பொழுது சாய்ந்துவிட்டது. திங்கள்கிழமைக்கும் லீவு சொல்லியிருக்கிறாளாம். இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது.